சீமைப் படிப்பும் வீட்டுப் பத்திரமும்

2025-ஆம் வருஷம் சித்திரை மாதத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, நம் வீட்டுத் திண்ணைக்குப் பெரியவர் ஒருவர் வந்து சேர்ந்தார். கையிலே ஒரு மஞ்சள் பை. பைக்குள்ளே வீட்டுப் பத்திரம். பின்னால் அவருடைய புதல்வி நின்றாள். ஏழு வருஷங்களுக்கு முன் பத்தாம் வகுப்பில் நம்மிடம் கணிதம் பயின்றவள். இப்போது மின்சார எஞ்சினீயரிங் பட்டதாரி.

"குழந்தை ஜெர்மனிக்குப் போய் மேல் படிப்புப் படிக்க வேண்டும் என்கிறாள், சார்! இடம் கிடைத்துவிட்டது. பத்து நாளில் முன்பணம் கட்ட வேண்டுமாம். நாளைக்குப் பத்திரத்தை அடகு வைக்கப் போகிறேன். அதற்கு முன் தங்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகலாம் என்று வந்தேன்" என்றார்.

நல்ல காரியத்தைத் தடுப்பது நம் வழக்கமல்ல. ஆனாலும் கணித உபாத்தியாயருக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. யாராவது ஒரு தொகையைச் சொன்னால், "அது எப்படி வந்தது?" என்று கேட்காமல் இருக்க முடியாது. கேட்டோம்.

கதை வெளி வந்தது. பட்டணத்தில் ஒரு ஏஜெண்டு. அவர் ஒரு காசுகூட வாங்கிக்கொள்ளாமல் 'இலவச ஆலோசனை' சொல்கிற தர்மவான். அவர் காட்டிய இடம் ஜெர்மனியில் ஒரு தனியார் கலாசாலை. இரண்டு வருஷத்துக்குச் சம்பளம் 24,000 யூரோ. ஒரு யூரோவுக்கு 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 24 லட்சம். சாப்பாடும் தங்குமிடமும் வேறு.

"அரசாங்கச் சர்வகலாசாலைகளுக்கு ஏன் விண்ணப்பம் போடவில்லை, அம்மா?" என்று பெண்ணைக் கேட்டோம்.

"அங்கே இடம் கிடைப்பது துர்லபமாம், சார்."

"யார் சொன்னது?"

"ஏஜெண்டுதான்."

இலவசத்தின் விலை

இங்கேதான் நேயர்கள் சற்று நின்று யோசிக்க வேண்டும். மாணாக்கரிடம் காசு வாங்காத ஏஜெண்டுக்கு யார் படியளக்கிறார்கள்? பெரும்பாலும், அவர் ஆள் சேர்த்துக் கொடுக்கும் கலாசாலைதான். ஜெர்மனியின் அரசாங்கச் சர்வகலாசாலைகள் இப்படித் தரகு கொடுத்து ஆள் சேர்ப்பதில்லை. ஆகையால் அவர் காட்டிய ஜாபிதாவில் அவற்றின் பெயர் ஒன்றுகூட இல்லாமற் போனது ஆச்சரியமல்ல. தனியார் கலாசாலைகள் எல்லாமே மட்டம் என்று நாம் சொல்ல வரவில்லை. ஆனால் கடையில் ஒரே ஒரு சரக்கை மட்டும் எடுத்துக் காட்டினால், மற்ற அலமாரிகளையும் திறந்து காட்டச் சொல்லும் உரிமை நமக்கு உண்டல்லவா?

அந்த அலமாரிகளை மூன்று மாலைகள் உட்கார்ந்து திறந்து பார்த்தோம். ஜெர்மனியின் அரசாங்கச் சர்வகலாசாலைகள் பெரும்பாலானவற்றில், அன்னிய நாட்டாருக்கும் பாடச் சம்பளம் கிடையாது. பருவத்துக்குச் சில நூறு யூரோ வரை ஒரு கட்டணம் உண்டு. பல ஊர்களில் பஸ், ரயில் சீட்டுகூட அதற்குள் அடங்கிவிடும். விலக்குகளும் உண்டு. பாடன்-வூர்ட்டம்பர்க் மாகாணத்தில் 2017 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருவோர் பருவத்துக்கு 1,500 யூரோ கட்டவேண்டும். மியூனிக் தொழில்நுட்பச் சர்வகலாசாலையும் 2024 குளிர்காலப் பருவத்திலிருந்து, பாடத்துக்குத் தக்கபடி 2,000 முதல் 6,000 யூரோ வரை கேட்கிறது.

பெண்ணின் மதிப்பெண் பத்துக்கு எட்டு. ஜெர்மனியிலோ மதிப்பெண் தலைகீழ்: ஒன்றுதான் உத்தமம், நான்கு என்றால் தப்பித்தோம் பிழைத்தோம். மாற்றும் கணக்கு எளிது. உச்ச மதிப்பெண்ணிலிருந்து நாம் வாங்கியதைக் கழிக்க வேண்டும். உச்சத்திலிருந்து தேறுவதற்கான மதிப்பெண்ணைக் கழித்து, அதனால் முன்னதை வகுக்க வேண்டும். வந்ததை மூன்றால் பெருக்கி ஒன்றைக் கூட்ட வேண்டும். அவளுக்குத் தேறும் எல்லை ஐந்து. இரண்டை ஐந்தால் வகுத்து, மூன்றால் பெருக்கி, ஒன்றைக் கூட்டினால் 2.2. எத்தனையோ பாடங்களில் 2.5-க்குள் இருந்தால் விண்ணப்பிக்கலாம். 'துர்லபம்' என்ற சொல்லை அவள் தன் நோட்டுப் புத்தகத்தில் எழுதி, தானே அடித்துவிட்டாள்.

கணக்குப் புத்தகம்

பிறகு செலவுக் கணக்கு. இந்திய மாணாக்கரின் சான்றிதழ்களைச் சரிபார்க்கும் ஏ.பி.எஸ். என்ற ஸ்தாபனம் டில்லியில் இருக்கிறது. 2022 நவம்பர் முதல் அதன் அத்தாட்சி இல்லாமல் விசா கிடையாது. அதற்கு 18,000 ரூபாய். பல சர்வகலாசாலைகள் பெர்லினில் உள்ள யூனி-அசிஸ்ட் மூலமாகவே விண்ணப்பம் வாங்குகின்றன. முதல் விண்ணப்பத்துக்கு 75 யூரோ. அதே பருவத்தில் அடுத்து ஒவ்வொன்றுக்கும் 30. ஐந்து இடங்களுக்கு 195 யூரோ.

பெரிய செலவு இனிமேல்தான். விசா கேட்பவர் ஒரு வருஷ ஜீவனத்துக்கான பணத்தை முன்கூட்டியே கட்டிக் காட்ட வேண்டும். இதற்கு 'பிளாக்டு அக்கவுண்டு' என்று பெயர். 2024 செப்டம்பரில் இந்தத் தொகையை 11,904 யூரோ என்று உயர்த்தினார்கள். ஏறக்குறைய 12 லட்சம் ரூபாய். மாதம் 992 யூரோவுக்கு மேல் எடுக்க முடியாது. இது எவருக்கோ கொடுக்கும் சம்பளமல்ல, பெண் சாப்பிடப் போகும் சோறு. இதைத் தகப்பனாரிடம் இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது. கப்பம் கட்டுவதாகவே அவர் எண்ணியிருந்தார்!

கப்பல் காலம் போய் இப்போது விமானச் சீட்டு. அதுவும் விசாவும் பாஷைப் பரீட்சையும் குளிருக்குக் கம்பளி உடுப்பும் சேர்த்துப் பார்த்தால் முதல் வருஷத்துக்குச் சுமார் 14 லட்சம். பெரியவரிடம் ஓய்வுக் காலச் சேமிப்பு ஒன்பது லட்சம் இருந்தது. அரசுடைமை பாங்கிகளின் கல்விக் கடனில் ஏழரை லட்சம் வரை சொத்து ஈடு தேவையில்லை. கூட்டினால் பதினாறரை லட்சம். பத்திரத்தை வெளியே எடுக்கவே வேண்டாம்.

"இரண்டாம் வருஷம்?" என்றார் பெரியவர். நியாயமான கேள்வி. பணத்துக்கு வழி காட்டினால்தான் அங்கே தங்கும் அனுமதியும் நீளும். ஜெர்மன் சட்டம் மாணாக்கருக்கு 2024 மார்ச் முதல் வருஷத்தில் 140 முழு நாட்கள் வேலை செய்ய இடம் தருகிறது. ஆனால் பாஷை தெரியாத ஊரில் முதல் பருவத்திலேயே வேலை கிடைக்கும் என்று கணக்குப் போடுவது, மழை பெய்யும் என்று நம்பிக் குடத்தை உடைப்பதற்குச் சமானம். இதை அவளிடம் ஒளிக்காமல் சொன்னோம். எங்கேயும் பேசாத தாயார் அப்போது வாய் திறந்து, "என் வளையல் நாலும் இருக்கிறது. அது எதற்கு?" என்றார்.

முன்னே போனவர்கள்

அந்த வார்த்தையைக் கேட்டதும் நமக்கு 1888-ஆம் வருஷம் நினைவுக்கு வந்தது. பாரிஸ்டர் படிப்புக்குப் போக விரும்பிய பத்தொன்பது வயதுகூட நிறையாத காந்தி, மனைவியின் நகைகளை விற்கலாமா என்று யோசித்தார். போர்பந்தர் சமஸ்தானத்தில் உதவி கேட்டுக் கிடைக்கவில்லை. தமையனார்தான் பணத்துக்குப் பொறுப்பேற்றார். லண்டன் போன காந்தி செய்தது என்ன? ஒவ்வொரு காசுக்கும் கணக்கு எழுதினார். கடன் வாங்கிக் கடல் கடப்பவருக்கு அதைவிட மேலான பாடப் புத்தகம் கிடையாது.

கணித உபாத்தியாயர் ராமானுஜத்தை எப்படி மறக்க முடியும்? 1914 மார்ச் 17-ஆம் தேதி சென்னையில் அவர் கப்பல் ஏறியபோது, சென்னைச் சர்வகலாசாலை வருஷத்துக்கு 250 பவுன் உபகாரச் சம்பளம் அளித்திருந்தது. அதில் 50 பவுன் இங்கே குடும்பத்துக்கு ஒதுக்கப்பட்டது. போகிறவன் வயிறு மட்டுமல்ல, இருக்கிறவர்கள் வயிறும் கணக்கில் சேர வேண்டும் என்பதை அந்த ஏற்பாடு உணர்ந்திருந்தது. ஜாம்ஷெட்ஜி டாட்டா 1892-இல் ஏற்படுத்திய நிதியோ, திருப்பித் தரவேண்டிய கடனாகவே மாணாக்கருக்கு உதவுகிறது. ஒருவர் திருப்புவது அடுத்தவருக்குப் போய்ச் சேருகிறது.

விண்ணப்பம்

கடைசியில் ஒரு கடிதம் பாக்கி: 'நான் ஏன் இதைப் படிக்க விரும்புகிறேன்?' ஏஜெண்டு தயாரித்துத் தந்த கடிதத்தில், பெண்ணுக்குச் சிறு வயது முதல் ஜெர்மனியின்பால் தணியாத தாகம் இருந்ததாகக் கண்டிருந்தது. "அப்படியா அம்மா?" என்றோம். சிரித்துவிட்டாள். அவளுடைய கடைசி வருஷ வேலை, மின்னழுத்தம் குறையும்போது கிராமத்துப் பம்பு மோட்டார் எரிந்து போகாமல் காப்பது பற்றியது. மாமா வயலில் இரண்டு மோட்டார்கள் எரிந்ததைக் கண்ணால் பார்த்தவள். "அதை எழுது" என்றோம். எழுதினாள். தாகத்தைக் காணோம், விஷயம் இருந்தது.

ஐந்து விண்ணப்பங்கள் போயின. தனியார் கலாசாலையின் பத்து நாள் கெடு வந்து, கடந்தது. அந்த இரவு பெரியவர் தூங்கவில்லை. நாமும் நன்றாகத் தூங்கினோம் என்று சொல்ல முடியாது. கைக்கு வந்த இடத்தைக் கணக்குப் பேசி இழக்கச் செய்துவிட்டோமோ என்ற பயம்தான். ஆடியில் மூன்று இடங்களிலிருந்து 'இல்லை' என்று பதில் வந்தது. நான்காவது இடம் மௌனம் சாதித்தது. ஆவணிப் பிறப்பன்று ஐந்தாவது இடத்திலிருந்து 'வருக' என்று வந்தது.

ஐப்பசிக்கு முன் அவள் புறப்பட்டுப் போனாள். வளையல்கள் நான்கில் இரண்டு அடகுக் கடைக்குப் போயின. மற்ற இரண்டும் தாயார் கையிலேயே இருக்கின்றன. மாதம் ஒருமுறை அவள் நமக்கு அனுப்புவது கடிதமல்ல. ரொட்டி, பால், வாடகை, பஸ் என்று வரிசையாக எழுதிய கணக்கு. முதல் மாதக் கூட்டலில் பத்து யூரோ பிழை இருந்தது. சிவப்பு மையால் சுழித்துத் திருப்பி அனுப்பினோம்.

பெரியவர் இப்போதும் ஞாயிற்றுக்கிழமைகளில் திண்ணைக்கு வருகிறார். மஞ்சள் பையில் அன்று காய்கறிதான் இருக்கிறது.