காணி உறுதியைப் பார்க்கிறோம், கட்டடத்தைப் பார்க்கிறோமா?

கல்முனையிலோ சாய்ந்தமருதிலோ மருதமுனையிலோ ஒரு வீடு கைமாறும்போது காணி உறுதி நொத்தாரிசின் மேசையில் வரிவரியாக வாசிக்கப்படுகிறது. காணிப் பதிவகத்தில் பழைய பதிவுகள் தேடப்படுகின்றன. நில அளவையாளர் எல்லை பார்க்கிறார். கடன் எடுத்தால் வங்கியின் மதிப்பீட்டாளர் வந்து பெறுமதி எழுதுகிறார். இத்தனை பேர் வந்து போனாலும், தூணுக்குள் இருக்கும் கம்பி துருப்பிடித்திருக்கிறதா, அத்திவாரம் இன்னொரு மாடியைத் தாங்குமா என்று பார்ப்பது இவர்களில் எவருடைய வேலையும் அல்ல. வாழ்நாள் உழைப்பைக் கொட்டி வாங்கும் பொருளின் உடலை எவரும் சோதிப்பதில்லை. நம் கரையோரத்தில் இந்தக் குறை மற்ற ஊர்களைவிடப் பெரியது. சுயாதீனமான கட்டடப் பரிசோதனை இங்கு முறையான ஒரு தொழிலாக வளர வேண்டும் என்பதற்கு வேதியியலே முதற் சாட்சி.

நல்ல கொங்கிரீட் கடும் காரத்தன்மை கொண்டது. அதன் பிஎச் மதிப்பு ஏறக்குறைய 13. அந்தக் காரத்தில் இரும்புக் கம்பியின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒட்சைட்டுப் படலம் ஒன்று உருவாகிக் கம்பியைக் காக்கிறது. இந்தக் காவலை உடைக்க இரண்டு பகைவர்கள் உண்டு. காற்றிலுள்ள காபனீரொட்சைட்டு மெல்ல உட்புகுந்து காரத்தைக் குறைப்பது ஒன்று. உப்பிலுள்ள குளோரைட்டு நேரே படலத்தைத் துளைப்பது மற்றது. காவல் போனதும் இரும்பு துருவாகிறது. துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்பதால் கொங்கிரீட்டை உள்ளிருந்தே பிளக்கிறது. மேசன்மார் 'கவர்' என்று சொல்லும், கம்பியை மூடியிருக்கும் கொங்கிரீட் தடிப்பின் அருமை இங்குதான் விளங்கும். காபனீரொட்சைட்டு உட்செல்லும் ஆழம் காலத்தின் வர்க்கமூலத்தையொட்டி வளர்கிறது. ஆகவே கவர் பாதியானால் கம்பியின் ஆயுள் பாதியாவதில்லை, ஏறக்குறைய காற்பங்காகிவிடுகிறது. கொங்கிரீட் போடும் நாளில் ஓர் அங்குலத்துக்குக் காட்டும் அலட்சியம் பல்லாண்டு ஆயுளைத் தின்றுவிடும்.

குளோரைட்டின் கணக்கு இதைவிடக் கடுமையானது. பிரித்தானியத் தரவிதிகள் கம்பியிட்ட கொங்கிரீட்டில் குளோரைட்டின் அளவைச் சீமெந்தின் எடையில் 0.4 விழுக்காட்டுக்குள் வைக்கச் சொல்கின்றன. 50 கிலோ சீமெந்துப் பை ஒன்றுக்கு அது 200 கிராம். கடல்நீரில் லீற்றருக்குச் சுமார் 19 கிராம் குளோரைட்டு இருப்பதால், பத்து லீற்றர் கடல்நீரிலுள்ள உப்பே ஏறக்குறைய அந்த எல்லையைத் தொட்டுவிடும். எவரும் கடல்நீரில் கொங்கிரீட் குழைப்பதில்லை என்பது உண்மை. ஆனால் கழுவாத கரையோர மணலும் உவர்க் கிணற்று நீரும் அதே உப்பைத் தவணை தவணையாகக் கொண்டுவருகின்றன. கடற்காற்று மீதியை வெளியிலிருந்து பூசுகிறது. 2004 டிசம்பர் 26 சுனாமியில் நாட்டிலேயே அதிக உயிர்களை, பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரை, இழந்தது நம் அம்பாறை மாவட்டம். அதன்பின் அவசர அவசரமாக எழுந்த வீடுகள் இப்போது இருபது வயதை எட்டியுள்ளன. கவர் குறைந்த, உப்பேறிய கொங்கிரீட்டில் துரு வெளியே தலைகாட்டத் தொடங்கும் வயது இது.

இந்த மண்ணின் குடும்ப வழக்கம் இன்னொரு சுமையையும் சேர்க்கிறது. பெண்பிள்ளைக்கு வீடு கொடுத்துக் கலியாணம் முடிப்பது இங்கு தலைமுறைகளாக வரும் நடைமுறை. கிழக்கே கடல், மேற்கே கரைவாகு வயல்வெளி. இடையில் ஒடுங்கிய மணல்திட்டு. காணி இல்லாத இடத்தில் இரண்டாவது மகளுக்கு மேல்மாடி எழும்புகிறது. மூன்றாவது மகளுக்கு அதன் மேலும். ஆனால் கீழ்வீட்டின் அத்திவாரம் ஒரு மாடிக்கு மட்டும் போடப்பட்டதாக இருக்கலாம். வயலை நிரப்பிய காணியென்றால் நிலமும் சீராக அமர்வதில்லை. சுவரில் கதவு மூலையிலிருந்து சரிந்து ஓடும் வெடிப்பு, அத்திவாரம் ஒருபக்கம் இறங்குவதைச் சொல்லலாம். பீமில் கம்பியின் நீளப்போக்கிலேயே ஓடும் வெடிப்பும் பழுப்புக் கறையும் உள்ளே துரு வேலை செய்வதன் அடையாளங்கள். வலைபோலப் பரவும் மெல்லிய கீறல் பெரும்பாலும் பூச்சு சுருங்கியதால் வந்தது. அதற்கு அஞ்சத் தேவையில்லை. எதற்கு அஞ்சுவது, எதைப் பூசிவிட்டுப் போவது என்று பிரித்தறியத்தான் பயிற்சி பெற்ற கண் வேண்டும்.

"முப்பது வருசம் வீடு கட்டிய மேசன் பாஸ் தட்டிப் பார்த்தால் போதாதா?" என்ற கேள்வி நியாயமானது. தட்டும்போது எழும் பொள்ளல் சத்தம் உண்மையான சான்றே. பொறியியலாளரும் முதலில் அதைத்தான் செய்கிறார். ஆனால் கம்பி எத்தனை மில்லிமீற்றர் உள்ளே இருக்கிறது என்பதை மின்காந்தக் கவர் மானியே காட்டும். கொங்கிரீட்டை உடைத்த முகத்தில் பினோப்தலின் கரைசலைத் தெளித்தால் காரமுள்ள பகுதி இளஞ்சிவப்பாகும். நிறம் மாறாத ஆழம்வரை காவல் போய்விட்டது. செப்பு–செப்புச் சல்பேற்று மின்வாயை வைத்து அளக்கும்போது கம்பியின் மின்னழுத்தம் −350 மில்லிவோல்ற்றுக்கும் கீழிறங்கினால், அங்கு அரிப்பு நடப்பதற்கான வாய்ப்பு 90 விழுக்காட்டுக்கு மேல். அனுபவம் எங்கே தேடுவது என்று சொல்லும். எவ்வளவு என்று கருவி சொல்லும். இரண்டும் சேர்ந்ததே பரிசோதனை.

மாநகர சபை பிளானுக்கு அனுமதியும், கட்டி முடிந்ததும் இணக்கச் சான்றிதழும் தருகிறதே என்பது அடுத்த மறுப்பு. கட்டடம் அங்கீகரிக்கப்பட்ட பிளான்படி அமைந்ததா என்பதைச் சொல்வது அந்தச் சான்றிதழ்; இருபது ஆண்டு உப்புக்காற்றுக்குப் பின் அதன் நிலை என்ன என்பதை அது சொல்லாது. செலவு அதிகம் என்போர், சிலாப்பை உடைத்துப் போடும் செலவை அதனருகே வைத்துப் பார்க்க வேண்டும். உறவுக்குள் கைமாறும் வீட்டைப் பரிசோதிப்பது சம்பந்தி வீட்டாரை அவமதிப்பதாகாதா என்பதே ஆழமான தயக்கம். ஆனால் பொருளின் குறையை மறைத்து விற்றால் வாங்கியவர் வியாபாரத்தையே முறிக்கலாம் என்பது இஸ்லாமிய வணிகச் சட்டம் நெடுங்காலமாக ஏற்ற உரிமை. குறையை வெளிப்படுத்துவது நம் மார்க்கம் கேட்கும் நேர்மை. பரிசோதனை அதற்கு வழி செய்கிறது.

அறிக்கை மட்டும் உயிரைக் காக்காது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அமெரிக்காவின் புளோரிடாக் கரையில் 2021 ஜூன் 24 அன்று 12 மாடிக் குடியிருப்பொன்று இடிந்து 98 பேர் இறந்தனர். அதன் நீச்சல்குளத் தளத்தில் பெரிய சேதம் இருப்பதை ஒரு பொறியியலாளர் 2018இலேயே எழுதிக் கொடுத்திருந்தார். பரிசோதகர் எவருக்குக் கட்டுப்பட்டவர் என்பதும் முக்கியம். வீட்டைச் சோதித்தவரே திருத்த ஒப்பந்தத்தையும் எடுத்தால் இல்லாத குறை பெருகும். விற்பவரிடம் கமிஷன் வாங்கினால் இருக்கும் குறை மறையும். 1976இல் உருவான அமெரிக்க வீட்டுப் பரிசோதகர் சங்கம், தன் உறுப்பினர் தாம் சோதித்த வீட்டில் ஓராண்டுக்குக் கூலிக்குத் திருத்த வேலை செய்வதைத் தடுத்திருப்பது இதனால்தான். இங்கு தொழில் தொடங்குமுன்பே அந்த விதியையும் எழுதிவிட வேண்டும்.

தொடங்குவதற்கு வேண்டியவை நம் பக்கத்திலேயே உண்டு. ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்துக்குப் பொறியியல் பீடம் இருக்கிறது. 2017ஆம் ஆண்டின் பொறியியற் பேரவைச் சட்டம் பொறியியலாளரைப் பதிவு செய்ய வழி தந்திருக்கிறது. சுனாமிக்குப் பின் சவூதி நிதியில் கட்டப்பட்டு, வழக்கில் சிக்கி, பல ஆண்டுகள் கையளிக்கப்படாமல் கிடந்த, நம் மாவட்டத்து நுரைச்சோலையின் 500 வீடுகளில் எவரையும் குடியமர்த்துமுன் ஒவ்வொன்றின் கொங்கிரீட்டும் சோதிக்கப்பட வேண்டும். மாநகர சபை, பழைய வீட்டின் மேல் மாடி கட்ட அனுமதி தருமுன் கீழ்வீட்டின் பரிசோதனை அறிக்கையைக் கேட்க வேண்டும். வாசகரே, அடுத்த முறை வீடு வாங்கும்போதும் மகளுக்காக மேல்மாடி எழுப்பும்போதும் உறுதியை வாசிக்க நொத்தாரிசைத் தேடுவதுபோல், கட்டடத்தை வாசிக்க ஒரு பொறியியலாளரையும் தேடுங்கள். அவர் எழுத்தில் தருவதைப் படித்த பின்பே முற்பணம் கொடுங்கள்.