பம்பு துப்பாக்கி மக்கர் செய்தால்...

தேர்தல் அறிவிப்பு வந்ததும் உரிமம் பெற்ற துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வது வழக்கம். தேர்தல் முடிந்து, பல வாரங்கள் கழித்துத்தான் துப்பாக்கி வீடு திரும்பும். அதுவரை துடைப்பும் இல்லை, எண்ணெயும் இல்லை. அதை அன்றிரவே காவல் பரணுக்கு எடுத்துச் செல்கிறோம். கடலைக் காட்டில் பன்றி இறங்கும் சத்தம் கேட்கிறது. முன்பிடியை இழுத்தால் அசையவில்லை. அவசரத்தில் துப்பாக்கியைத் தொடையில் ஊன்றிப் பலங்கொண்ட மட்டும் இழுக்கிறோம். விபத்துக்கு இடம் கொடுப்பது இந்த அவசரம்தான்.

12 போர் பம்பு துப்பாக்கியில் வரும் கோளாறுகளில் பல, அழுக்காலும் துருவாலும் தவறான தோட்டாவாலும் வருபவை. இவற்றை விவசாயிகள் தாங்களே கண்டுகொள்ளலாம்.

முதலில் காலி செய்யுங்கள்

ஒற்றைக் குழல், இரட்டைக் குழல் துப்பாக்கிகளை மடக்கித் திறந்தால் தோட்டா இருப்பது கண்ணுக்குத் தெரிந்துவிடும். பம்பு துப்பாக்கி அப்படியல்ல. சுடும் குழலுக்குக் கீழே உள்ள குழாயில் தோட்டாக்கள் வரிசையாக இருக்கும். முன்பிடியைப் பின்னுக்கு இழுத்தால் சுட்ட தோட்டா வெளியே விழும். முன்னுக்குத் தள்ளினால் புதுத் தோட்டா மேலேறும். எனவே மேல் குழல் காலி என்பதால் துப்பாக்கியே காலி என்று நினைக்கக் கூடாது.

குழலை ஆளில்லாத பக்கம் திருப்பி, விசையில் விரல் படாமல், எல்லாத் தோட்டாக்களையும் வெளியே எடுக்க வேண்டும். பிறகு சுடும் அறையையும், கீழ்க் குழாயின் வாயையும் கண்ணால் பார்த்து, விரலாலும் தடவி உறுதி செய்ய வேண்டும். எடுத்த தோட்டாக்களை வேறு அறையில் வைத்த பிறகே துப்பாக்கியைச் சோதிக்கலாம்.

முன்பிடி அசையவில்லையா?

இது கோளாறாக இல்லாமலும் இருக்கலாம். துப்பாக்கி சுடத் தயாராக இருக்கும்போது முன்பிடி தானாகப் பூட்டிக்கொள்ளும். விசைக் காப்பின் அருகே உள்ள சிறு நெம்பை அழுத்தினால் விடுபடும். அப்போதும் வரவில்லை என்றால் துருவோ, சிக்கிய தோட்டாவோ காரணம். சுத்தியலால் தட்டக் கூடாது.

புதுத் தோட்டா ஏறவில்லையா?

முன்பிடியை அரைகுறையாக இழுப்பது முதற் காரணம். கடைசி வரை இழுத்து, கடைசி வரை தள்ள வேண்டும். அப்படியும் ஏறாவிட்டால் கீழ்க் குழாயில் மண்ணும் துருவும் சேர்ந்திருக்கும், அல்லது உள்ளிருக்கும் சுருள்வில் தளர்ந்திருக்கும். ஒரே நேரத்தில் இரண்டு தோட்டாக்கள் வந்து சிக்கினால், தோட்டாவைத் தடுத்து நிறுத்தும் கொக்கி தேய்ந்திருக்கலாம். இது பழுது பார்ப்பவரின் வேலை.

சுட்ட தோட்டா வெளிவரவில்லையா?

சுடும் அறையில் துரு பிடித்தால் சுட்ட தோட்டா ஒட்டிக்கொள்ளும். ஈரத்தில் ஊதிப்போன காகிதத் தோட்டாவும் இதே தொல்லையைத் தரும். தோட்டாவை இழுக்கும் கொக்கியின் அடியில் அழுக்கு சேர்ந்தாலும் பிடிப்பு இராது. சுடாத தோட்டா சிக்கிக்கொண்டால் கத்தி, திருப்புளி கொண்டு நெம்ப வேண்டாம். அதன் கேப்பு மீது அடிபட்டால் வெடித்துவிடும்.

விசையை இழுத்தும் வெடிக்கவில்லையா?

உடனே முன்பிடியை இழுக்காதீர்கள். நனைந்த தோட்டா சற்றுத் தாமதித்தும் வெடிக்கலாம். திறந்த நிலையில் வெடித்தால் ஓடு சிதறி முகத்திலும் கையிலும் பாயும். குழலைப் பாதுகாப்பான திசையில் பிடித்தபடி ஒரு நிமிடம் பொறுத்திருந்து எடுங்கள். கேப்பின் மேல் ஊசி பட்ட குழி நன்றாக விழுந்திருந்தால் குறை தோட்டாவில் இருக்கும். குழி ஆழமில்லை என்றால் ஊசி சரியாக ஓடவில்லை என்று அறியலாம்.

இதற்கு நாம் போடும் எண்ணெயே காரணமாகலாம். தேங்காய் எண்ணெய் மார்கழிக் குளிரில் உறைந்துவிடும். நல்லெண்ணெய் நாளடைவில் பிசினாகும். தையல் இயந்திர எண்ணெய் போன்ற மெல்லிய எண்ணெயைத் துணியில் தொட்டுத் துடைத்தாலே போதும்.

சத்தம் குறைந்தால் நிறுத்துங்கள்

வழக்கமான ஓசைக்குப் பதில் "புஸ்" என்ற சத்தம் வந்தால் அடுத்த தோட்டாவைச் சுடவே கூடாது. தோட்டாவின் அடைப்பு குழலுக்குள் நின்றிருக்கலாம். அதன் பின்னால் இன்னொன்றைச் சுட்டால் குழல் பிளந்துவிடும். பம்பு துப்பாக்கியில் கை தானாக அடுத்த தோட்டாவை ஏற்றிவிடுவதால் இந்த ஆபத்து அதிகம். துப்பாக்கியைக் காலி செய்து, குழலைக் கழற்றி, வெளிச்சத்தில் பார்க்க வேண்டும்.

20 போர் தோட்டாவை 12 போர் தோட்டாவுடன் ஒரே பையில் வைப்பதும் இதே கேட்டைத் தரும். சிறிய தோட்டா குழலுக்குள் நழுவிச் சென்று நின்றுவிடும். அறை காலி என்று நினைத்து 12 போர் தோட்டாவைப் போட்டுச் சுட்டால் குழல் வெடிக்கும். தோட்டாவின் நீளமும் பொருந்த வேண்டும். குழலில் 65 மில்லிமீட்டர் என்று பொறித்திருந்தால் 70 மில்லிமீட்டர் தோட்டா கூடாது. அது உள்ளே நுழைந்தாலும் அழுத்தம் கூடிவிடும்.

சட்டத்தையும் அறிந்துகொள்ளுங்கள்

1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி பயிர்க் காவலுக்கு வழக்கமாகக் கிடைப்பது வாய் வழியே மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிக்கான உரிமமே. அது போதாது என்று உரிமம் வழங்கும் அதிகாரி கருதினால் வேறு வகைக் குழல் துப்பாக்கிக்கும் தரலாம். ஆனால் துப்பாக்கி உரிமம் வேட்டை உரிமம் ஆகாது. காட்டுப்பன்றியும் மயிலும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை. உரிய அனுமதியின்றிச் சுட்டால் வழக்கு வரும்.

சுருள்வில், கொக்கி, ஊசி ஆகியவற்றில் பழுது என்றால் உரிமம் பெற்ற துப்பாக்கிப் பழுது பார்ப்பவரிடமே கொடுங்கள். உள்ளூர்ப் பட்டறையில் கொடுத்தால் உரிமத்துக்கே ஆபத்து வரும்.

அடுத்த முறை துப்பாக்கி வீடு திரும்பியதும் ஒரு பகல் பொழுதை ஒதுக்கிச் சுத்தம் செய்து, தோட்டா இல்லாமல் பத்து முறை இயக்கிப் பாருங்கள். பிறகு பரணுக்குப் போகலாம். ஒரு பாத்தி கடலை போனால் அடுத்த பட்டத்தில் எடுத்துவிடலாம்; கண்ணும் கையும் போனால் திரும்பாது.