உணவுக் கட்டுப்பாடும் ஒருநாட் சறுக்கலும்

நீரிழிவு நோய் உண்டென்று வைத்தியர் உறுதியாகக் கூறிய நாள் தொடக்கம், யாழ்ப்பாணத்து இளைப்பாறிய ஆசிரியர் ஒருவர் தேநீரிற் சீனியை விட்டுவிட்டார் எனக் கொள்ளலாம். இரவுச் சோற்றை நிறுத்திக் குரக்கன் புட்டுக்கு மாறினார். மாலையிற் கோயில் வீதியைச் சுற்றி நடக்கலானார். ஐந்து வாரம் ஒழுங்காகக் கழிந்தது. ஆறாவது வாரத்தில் தங்கையின் மகளுக்குத் திருமணம். "அண்ணை, பிள்ளையின்ரை கலியாணத்திலை ஒரு பலகாரம் எண்டாலும் தொடாமற் போனால் எனக்கு மனம் ஆறுமோ?" என்று தங்கையார் தட்டத்தை நீட்டினார். ஓர் அரியதரத்தை எடுத்தார். ஒன்று மூன்றாயிற்று. அன்றிரவு வீடு திரும்பியவர், ஐந்து வாரம் பட்ட பாடு முழுவதும் வீணாயிற்றென்று முடிவு கட்டினார். மறுநாட் காலைத் தேநீரில் இரண்டு கரண்டி சீனி விழுந்தது, இரவிற் சோறு மீண்டது, நடை நின்றது. இந்த ஆசிரியர் ஒரு கற்பனை மனிதரே. எனினும் இவரைப் போன்ற ஒருவரைக் காணாத குடும்பம் அரிது.

இவருக்குக் கேடு செய்தது எது? மூன்று அரியதரங்களா, அல்லது அவற்றை உண்டபின் இவர் தமக்குத் தாமே எழுதிக்கொண்ட தீர்ப்பா?

முதலிற் பலகாரத்தின் கணக்கைப் பார்க்கலாம். நீரிழிவு உள்ளவர் அரிசிமாவும் சீனியும் எண்ணெயும் சேர்ந்த பண்டத்தை உண்டால், இரத்தத்திற் சீனியின் அளவு சில மணி நேரம் உயர்ந்து நிற்கும், அதை மறுப்பதற்கில்லை. ஆனால் உடம்பின் நிறையைப் பொறுத்தவரை, ஒரு கிலோகிராம் கொழுப்புச் சேர்வதற்கு ஏறக்குறைய 7,700 கலோரி மிகையாக உட்செல்ல வேண்டும். மூன்று பலகாரங்களுக்குமாக 600 கலோரி என வைத்துக்கொண்டாலும், அதனாற் கூடக்கூடிய கொழுப்பு 80 கிராமை எட்டாது. மறுநாள் தராசில் ஏறி நின்றால் ஒரு கிலோகிராம் கூடியிருக்கலாம். அது கொழுப்பன்று, பெரும்பாலும் நீரே. விருந்துச் சாப்பாட்டின் உப்பு உடம்பில் நீரைப் பிடித்து வைக்கிறது. மாச்சத்து கிளைக்கோசன் என்னும் உருவில் ஈரலிலும் தசையிலும் சேமிக்கப்படும்போதும், அதன் ஒவ்வொரு கிராமுடனும் ஏறக்குறைய மூன்று கிராம் நீர் தங்குகிறது. வழக்கமான உணவுக்குத் திரும்பிய சில நாட்களில் அந்த நீர் வெளியேறிவிடும். விருந்துக்கு மறுநாள் தராசை நாடுவோர் தம்மைத் தாமே வீணாகப் பயமுறுத்திக்கொள்ளுகின்றனர்.

இனித் தீர்ப்பின் கணக்கு. இதனைப் பீற்றர் ஹேர்மன், டெபோரா மாக் என்போர் 1975 இல் வெளியிட்ட ஒரு பரிசோதனை நன்கு விளக்குகிறது. சுவை பற்றிய ஆராய்ச்சி என்று சொல்லி மாணவியர் சிலரை அழைத்தனர். ஒரு பகுதியினருக்கு முதலில் ஒன்றும் கொடுக்கவில்லை; ஏனையோருக்கு ஒன்றோ இரண்டோ மில்க்‌ஷேக் குடிக்கக் கொடுத்தனர். பின்னர் பல வகை ஐஸ்கிறீமை முன்வைத்து, சுவைத்துக் கருத்துக் கூறும்படியும், விரும்பிய அளவு உண்ணும்படியும் விட்டனர். ஆராய்ந்தது உண்மையிற் சுவையையன்று, உண்ட அளவையே. உணவிற் கட்டுப்பாடு எதுவும் வைத்திராத பெண்கள், மில்க்‌ஷேக் குடித்திருந்தால் ஐஸ்கிறீமைக் குறைத்தே உண்டனர். வயிறு நிறைந்தால் வாய் குறையும் என்பது இயல்புதானே. ஆனால் எப்பொழுதும் அளவு பார்த்து உண்ணும் வழக்கமுடைய பெண்களிடம் முடிவு தலைகீழாக இருந்தது. மில்க்‌ஷேக் குடித்தபின், குடியாதிருந்தவர்களை விட அதிகமாகவே ஐஸ்கிறீம் உண்டனர். அன்றைய கட்டுப்பாடு முறிந்துவிட்டது என்ற நினைவு வந்ததும், காவலை அடியோடு விட்டுவிட்டனர்.

தமிழிலே இந்த மனநிலைக்கு நெடுங்காலமாகவே பழமொழி உண்டு. தலைக்கு மேல் வெள்ளம் சாண் ஓடினால் என்ன, முழம் ஓடினால் என்ன என்பார்கள். மூழ்குபவனுக்கு அது பொருந்தும். மூன்று பலகாரம் உண்டவருக்கு வெள்ளம் கணுக்காலைத்தான் நனைத்திருக்கிறது. தலைக்கு மேற் போய்விட்டதாக எண்ணியே அவர் கையை விடுகிறார். மதுப்பழக்கத்தை விட முயன்றவர்களை ஆராய்ந்த அலன் மார்லற் என்பவர், 1985 இல் யூடித் கோர்டனுடன் சேர்ந்து வெளியிட்ட நூலில், சறுக்கல் வேறு, வீழ்ச்சி வேறு எனப் பிரித்துக் காட்டினார். சறுக்கியவர் "எனக்கு மனவுறுதியே கிடையாது" என்று முழுக் குற்றத்தையும் தம் இயல்பின் மேற் சுமத்தும்போதே சறுக்கல் வீழ்ச்சியாக மாறுகிறது என்பது அவர் கண்ட உண்மை.

நம்மவரிடையே இத்தவறான எண்ணம் வலுப்பெறுவதற்கு வேறொரு காரணமும் இருக்கலாம். உணவுக் கட்டுப்பாட்டை விரதத்தோடு ஒப்பிட்டுப் பழகிவிட்டோம். கந்தசஷ்டி விரதகாரர் இடையில் ஏதேனும் உண்டுவிட்டால் விரதம் முறிந்தது. மறுபடி அடுத்த ஆண்டுதான். நீரிழிவுக்காரரின் உணவுமுறை அத்தகையதன்று. அது வெங்காயத் தோட்டத்து இறைப்பைப் போன்றது. ஒரு முறை இறைப்புத் தவறினால் கமக்காரன் தோட்டத்தைக் கைவிடுவதில்லை; அடுத்த முறைக்கு வழக்கம்போல் இறைக்கிறான். தவறியதை ஈடு செய்ய இரட்டிப்பாக இறைப்பதுமில்லை; இறைத்தால் வெங்காயம் அழுகும்.

இந்த இரட்டிப்பு இறைப்பைப் பற்றிச் சற்று அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. விருந்துக்கு மறுநாள் முழுப்பட்டினி கிடந்து பாவம் கழிப்போர் பலர். இன்சுலின் ஊசி போடுபவரோ, கிளிக்ளசைட் போன்ற மாத்திரை எடுப்பவரோ மருந்தை எடுத்துவிட்டு உணவைத் தவிர்த்தால், இரத்தத்திற் சீனி அளவுக்கு மீறித் தாழ்ந்துவிடலாம். வியர்வை, நடுக்கம், மனக்குழப்பம் என்பன தோன்றும். கவனியாவிட்டால் உணர்விழந்து விழவுங்கூடும். வைத்தியரைக் கேளாது மாத்திரையைக் கூட்டுவதும் இதே ஆபத்தை அழைக்கும். மருந்து எடுக்காதவருக்கும் பட்டினியாற் பயனில்லை. பகலெல்லாம் அடக்கிய பசி மாலையில் இரு மடங்காக வந்து நிற்கும்.

ஆகவே ஆசிரியர் செய்யவேண்டியிருந்தது மிகச் சிறிய காரியம். மறுநாட் காலைத் தேநீரைச் சீனியின்றிக் குடித்து, இரவிற் குரக்கன் புட்டை உண்டிருக்க வேண்டும். திங்கட்கிழமை, வருடப்பிறப்பு, தைப்பூசம் என்று நல்ல நாள் பார்த்துக் காத்திருக்க வேண்டியதில்லை. அடுத்த வேளை உணவே போதிய நல்ல வேளை. அதன்பின் மனம் ஆறிய நேரத்தில், சறுக்கல் எங்கே தொடங்கியது என்று பார்ப்பது பயன் தரும். அன்று மாலை விருந்திருக்கிறதே என்று மதியச் சாப்பாட்டை விட்டுவிட்டாரா? வெறும் வயிற்றோடு பலகாரத் தட்டத்தின் முன் அமர்ந்தாரா? அப்படியானாற் குற்றம் மனவுறுதியில் இல்லை; மதியப் பானையில் இருக்கிறது. அடுத்த திருமணத்துக்கு முன் வழக்கம்போல் உண்டுவிட்டுச் செல்லலாம். ஒன்றை எடுத்து, பாதியைப் பேரனுக்குக் கொடுத்து, தங்கையின் மனத்தையும் காக்கலாம்.

ஒருநாட் தவறு பழக்கத்தைக் கெடுக்கிறதா என்பதையும் அளந்து பார்த்திருக்கிறார்கள். இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியைச் சேர்ந்த பிலிப்பா லாலியும் குழுவினரும் 2010 இல் வெளியிட்ட ஆய்வில் 96 பேர் பங்குகொண்டனர். ஒவ்வொருவரும் உணவு, பானம், உடற்பயிற்சி ஆகியவற்றிற் புதியதொரு பழக்கத்தைத் தெரிந்து 12 வாரம் கைக்கொண்டனர். பழக்கம் தானாக ஓடும் நிலையை அடைய இடைநிலைக் கணக்காக 66 நாள் வேண்டியிருந்தது. சிலருக்கு 18 நாளே போதுமாயிற்று. வேறு சிலருக்கு 254 நாள் வரை செல்லுமென மதிப்பிடப்பட்டது. இடையில் ஒருநாள் தவறியது இவ்வளர்ச்சியைக் குறிப்பிடத்தக்க அளவிற் பாதிக்கவில்லை. அடிக்கடி தவறுவது வேறு கதை.

வீட்டார் பேசும் முறையும் இதிற் சேர்ந்தது. "உங்கட கட்டுப்பாடு எல்லாம் எனக்குத் தெரியாதே?" என்று மனைவி இடித்துரைத்தால், மறைத்து உண்ணும் பழக்கமே வளரும். கிளேயர் அடம்ஸ், மார்க் லியரி என்போர் 2007 இல் வெளியிட்ட பரிசோதனையில், உணவுக் கட்டுப்பாடுடைய பெண்களுக்கு முதலில் டோனட் என்னும் இனிப்புப் பண்டத்தைக் கொடுத்தனர். எல்லோரும் சில வேளை இவ்வாறு உண்பதுண்டு, உங்களையே கடிந்துகொள்ள வேண்டாம் என்று சிலருக்கு மட்டும் கூறினர். அச்சொல்லைக் கேட்டவர்கள் பின்னர் வைத்த மிட்டாயைக் குறைவாகவே உண்டனர். இரக்கம் காட்டினாற் கட்டுப்பாடு தளருமென்று அஞ்சுவோர் இதனைக் கவனிக்கலாம்.

வெட்கத்தினால் விளையும் பெருங்கேடு இன்னொன்று. உணவிற் தவறியவர்கள், வைத்தியர் ஏசுவாரென்று அஞ்சிக் கிளினிக் நாளையே தவறவிடுகின்றனர். கண்ணையும் காலையும் சிறுநீரகத்தையும் பரிசோதிக்க வேண்டிய நாட்கள் இப்படிக் கழிந்துபோகின்றன. கிளினிக்கிற் செய்யும் எச்பிஏ1சி என்ற இரத்தப் பரிசோதனை ஒருநாட் சீனியைக் காட்டுவதன்று. செங்குருதிக் கலங்கள் ஏறக்குறைய 120 நாள் வாழ்வதால், கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சராசரி நிலையையே அது காட்டும். திருமணத்தன்று மாலை உண்ட மூன்று அரியதரங்களும் அந்தக் கணக்கில் அடங்கும். அதற்கு முன்னும் பின்னும் சீனியின்றிக் குடித்த தேநீர் அத்தனையும் அடங்கும்.