1943-இன் காலை எட்டரை எப்போது?

கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில் 1904 முதல் எடுக்கப்பட்ட சூரியப் படங்கள் கண்ணாடித் தட்டுகளிலிருந்து எண்ணிம வடிவுக்கு மாற்றப்பட்டுள்ளன. இத்தகைய பழம்பதிவுகளுக்கு நிரல் எழுதுவோரை இடறச் செய்வது நேரக் கணக்கு. கிரீன்விச்சை அடிப்படையாகக் கொண்ட உலக நேரத்தைப் பெற எங்கும் ஐந்தரை மணியைக் கழிக்கும் நிரல் பெரும்பாலும் சரியான விடையே தருவதால், அதன் பிழை நெடுநாள் கண்ணில் படுவதில்லை. ஆனால் இந்தியத் திட்ட நேரம் 1906 ஜனவரி 1-இல்தான் வந்தது. அதற்கு முன் ரயில்கள் சென்னை நேரப்படி, ஏறத்தாழ 5 மணி 21 நிமிட வேறுபாட்டில் ஓடின. போர்க்காலத்தில், 1942 செப்டம்பர் முதல் 1945 அக்டோபர் நடுப்பகுதி வரை, கடிகாரங்கள் ஒரு மணி நேரம் முன்தள்ளி வைக்கப்பட்டன.

ஆகவே, ஊர்க் கடிகாரப்படி 1943-இல் காலை 8:30 எனக் குறித்த படம் உலக நேரம் 2:00-க்கு உரியது. நிரலோ 3:00 என்னும். அந்த ஒரு மணியில் சூரியப்புள்ளி அரைப் பாகை அளவு நகர்ந்துவிடும்.

பைத்தானின் 'ஸோன்இன்ஃபோ' தொகுதிக்கு 'ஆசியா/கொல்கத்தா' என்ற மண்டலப் பெயரைக் கொடுத்தால், இம்மாற்றங்களைக் காலவாரியாகத் தொகுத்துள்ள தரவுத்தளத்திலிருந்து உரிய வேறுபாட்டை அதுவே எடுத்துக்கொள்ளும். கணித்த உலக நேரத்தை ஒரு புலத்திலும், ஏட்டில் உள்ளபடியே மூல நேரத்தை மற்றொரு புலத்திலும் சேமித்தால், பின்னர் மறுகணக்கீடு எளிது.