இழை எல்இடி பல்பு: அட்டையில் உள்ள வாட் நிஜம்தானா?

பழைய குண்டு பல்பின் தோற்றத்தில் உணவகங்களிலும் வீடுகளிலும் தொங்கும் இழை எல்இடி பல்புக்குள் டங்ஸ்டன் கம்பி கிடையாது. மெல்லிய பட்டையில் வரிசையாகக் கோத்த எல்இடி சில்லுகள் மஞ்சள் பாஸ்பர் பூச்சுக்குள் இருந்து ஒளிர்கின்றன. இவற்றுக்கான மின்சுற்று முழுவதும் மூடிக்குள் அடங்க வேண்டும். மலிவுப் பல்புகளில் தரம் குறைக்கப்படுவது பெரும்பாலும் அங்கேதான்.

‘4 வாட்’ என்று அச்சிட்ட பல்பு 230 வோல்ட்டில் 0.035 ஆம்பியர் இழுப்பதாக மீட்டர் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். பெருக்கினால் 8. ஏமாற்றிவிட்டார்கள் என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகக் கூடாது. இந்த 8 வோல்ட்-ஆம்பியர் கணக்கு. இதில் உண்மையான வாட் ஆகும் பங்கான பவர் ஃபேக்டர் 0.5 என்றால் பல்பு செலவழிப்பது 4 வாட்தான். வீட்டு மின்கட்டணமும் இந்த வாட்டை வைத்தே கணக்கிடப்படுகிறது. பவர் ஃபேக்டரையும் சேர்த்துக் காட்டும் பிளக் வாட்மீட்டரில் அளந்தால் குழப்பம் தீரும்.

மூடிக்குள் இருக்கும் மின்சுற்றின் மின்தேக்கி சிறியதாக இருந்தால் ஒளி நொடிக்கு 100 முறை துடிக்கும். செல்போன் கேமராவில் பார்த்தால் கருப்புப் பட்டைகள் ஓடும். சிலருக்கு இது தலைவலியையும் கண் சோர்வையும் தரும்.

உயிருக்கே ஆபத்தானவை வேறு. கண்ணாடி உடைந்த பல்பின் இழையில் நேரடி மின்சாரம் இருக்கலாம். மெயினை அணைக்காமல் தொடக் கூடாது. சுவிட்சை அணைத்த பிறகும் பல்பு மங்கலாக எரிகிறதா? சுவிட்சின் இண்டிகேட்டர் காரணமாக இருக்கலாம். ஃபேஸுக்குப் பதில் நியூட்ரலில் சுவிட்ச் இணைத்திருந்தாலும் இப்படித்தான் எரியும். அந்நிலையில் ஹோல்டரில் எப்போதும் மின்சாரம் இருக்கும். எலக்ட்ரீஷியனை உடனே அழைக்க வேண்டும்.

இந்தியாவில் இவ்வகை பல்புகள் ஐஎஸ் 16102 பாதுகாப்புத் தரத்தின்படி இந்தியத் தர நிர்ணய அமைப்பின் (பிஐஎஸ்) பதிவு பெறுவது கட்டாயம். ‘ஆர்’ என்ற எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணை பிஐஎஸ் கேர் செயலியில் இட்டால், அது யாருக்கு, எந்தப் பொருளுக்கு வழங்கப்பட்டது என்று தெரியும். எண் இல்லாத பல்பை வாங்க வேண்டாம். செயலி வழியாகவே புகாரும் செய்யலாம்.

உத்தரவாதக் காலத்தில் பழுதான பல்பை மாற்றித் தர மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம். அங்கும் தீரவில்லை என்றால் இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை நாடலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை. குறையைக் கண்டறியச் சோதனை தேவைப்பட்டால், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி ஆணையம் பல்பை ஆய்வகத்துக்கு அனுப்பலாம். அதனால் பில், அட்டைப்பெட்டி, பழுதான பல்பு மூன்றையும் வழக்கு முடியும்வரை பத்திரமாக வைத்திருக்க வேண்டும்.