வீட்டு வேலை: ஃபத்வா கேட்பதற்கு முன்...

சில மாதங்களுக்கு முன் ஒரு ஜும்ஆவுக்குப் பிறகு, கூட்டம் கலையும் வரை ஓரமாகக் காத்திருந்த ஓர் இளைஞர் நம்மிடம் வந்தார். ஸலாம் சொன்ன கையோடு கேள்வியையும் கேட்டுவிட்டார். "ஹஸ்ரத், வீட்டு வேலை செய்றது பொண்டாட்டி மேல கடமையா, இல்லையா? ஒரே வார்த்தையில சொல்லுங்க."

ஒரே வார்த்தையில் பதில் கேட்பவர்கள் பெரும்பாலும் அந்த வார்த்தையை வீட்டுக்குக் கொண்டுபோய் யார் முகத்திலாவது எறியப் போகிறவர்கள். எனவே அவரை உட்கார வைத்துப் பேசினோம். கணவன் மனைவி இருவருமே கடற்கரை ஊர்க்காரர்கள். வேலைக்காகச் சென்னை வந்து வாடகை வீட்டில் இருக்கிறார்கள். அவருக்கு ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்கு வேலை, மனைவி பள்ளி ஆசிரியை. மூத்தவளுக்கு நான்கு வயது, சின்னவனுக்கு ஒன்றரை. காலை எட்டு மணிக்குள் நான்கு பேரும் வீட்டைவிட்டு வெளியேறியாக வேண்டும். அன்றைக்கு மதியச் சாப்பாடு கட்டவில்லை என்று தொடங்கிய பேச்சு, "நான் உம்மா வீட்டுக்கே போயிடறேன்" என்பது வரை போயிருந்தது. ஷாஃபிஈ மத்ஹபில் சமைப்பதுகூட மனைவிக்குக் கடமையில்லை என்று எங்கோ கேட்டதை அந்தச் சகோதரி சொல்லிவிட்டார். அதற்கு மறுப்பு வாங்கத்தான் இவர் நம்மிடம் வந்திருந்தார்.

மறுப்பு நம்மிடம் இல்லை. அந்தச் சகோதரி சொன்னது கிதாபில் உள்ளதுதான். அபூபக்ர் (ரலி) அவர்களின் மகளார் அஸ்மா (ரலி) அவர்கள், கணவர் ஸுபைர் (ரலி) அவர்களின் குதிரைக்குத் தீனி வைத்து, தண்ணீர் இறைத்து, மாவு பிசைந்து, தொலைவிலிருந்த நிலத்திலிருந்து பேரீச்சங்கொட்டைகளைத் தலையில் சுமந்து வந்த செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. அந்த ஹதீஸுக்கு விளக்கம் எழுதும் இமாம் நவவி (ரஹ்) அவர்கள், இவையெல்லாம் மனைவி மனமுவந்து செய்யும் உபகாரம், அவள் மீது கடமை அல்ல என்கிறார்கள். ஹனஃபி மத்ஹபில், அல்லாஹ்வுக்கும் அவளுக்கும் இடையில் அது பொறுப்பு, ஆனால் காழி கட்டாயப்படுத்த முடியாது என்ற கருத்து உண்டு. இப்னுல் கய்யிம் (ரஹ்) போன்றோர் கடமை என்றே வாதிட்டிருக்கிறார்கள்.

இதைக் கேட்டதும் இளைஞரின் முகம் வாடியது. ஆனால் அந்தச் சகோதரியும் தெரிந்துகொள்ள வேண்டிய இன்னொரு செய்தி அதே ஷாஃபிஈ கிதாபுகளில் இருக்கிறது. மனைவி நோயுற்றால் மருந்துச் செலவும் வைத்தியர் கூலியும் கணவன் மீது கடமையான ஜீவனாம்சத்தில் சேராது என்று அங்கே எழுதியிருக்கிறார்கள். அதைப் பிடித்துக்கொண்டு, பிரசவத்துக்குப் போன மனைவியிடம் மருத்துவமனை ரசீதை நீட்டும் கணவனை நாம் என்ன சொல்வோம்? சட்டம், வழக்கு காழியின் முன்னால் வந்தால் எதுவரை கட்டாயப்படுத்தலாம் என்று பார்க்கிறது. அந்த எல்லைக்கோட்டின் மீதே குடித்தனம் நடத்தும் வீடு எதுவும் இல்லை.

அப்படியானால் குர்ஆன் இந்த விஷயத்தில் வழி எதுவும் காட்டவில்லையா? காட்டுகிறது. மஷூரா என்றதும் நமக்கு ஜமாஅத் நிர்வாகமும் ஆட்சியும்தான் நினைவுக்கு வருகின்றன. ஆலோசனை பற்றிப் பேசும் வசனங்களில் ஒன்று, பகரா அத்தியாயத்தின் 233ஆவது வசனம், பால்குடிக் குழந்தையைப் பற்றியது. குழந்தைக்குப் பால்குடியை எப்போது நிறுத்துவது என்பதைத் தாயும் தந்தையும் இருவருமாகப் பொருந்தி, கலந்து பேசி முடிவு செய்வதை அது சொல்கிறது. பால் கொடுப்பவள் தாய். ஆயினும் அதில் தந்தைக்கும் பேச்சு இருக்கிறது, பொறுப்பும் இருக்கிறது. பால்குடி மறக்கடிப்பதற்கே ஆலோசனை என்றால், அந்தக் குழந்தையைக் குளிப்பாட்டுவதும் அதன் துணியைத் துவைப்பதும் யார் என்பது பேசித் தீர்க்க வேண்டிய விஷயம் இல்லையா?

நம் பாட்டிமார் காலத்தில் இந்தப் பேச்சுக்கே தேவை எழவில்லை என்பதும் உண்மைதான். காயல்பட்டினம், கீழக்கரை போன்ற ஊர்களில் கல்யாணமான பெண் தாய்வீட்டிலேயே இருப்பது வழக்கம். உம்மா அடுப்படியில் இருப்பார், ராத்தா பிள்ளைக்கு எண்ணெய் தேய்ப்பார், மாமி சோறு ஊட்டிக்கொண்டிருப்பார். ஒரு பெண்ணின் வேலையை நான்கு பெண்கள் பகிர்ந்துகொண்டார்கள். ஆண் வெளியூரில், பலருக்கு வெளிநாட்டில், சம்பாதித்தார். சென்னையில் இரண்டாவது மாடி வீட்டில் அந்த நான்கு பெண்களும் இல்லை. வேலை மட்டும் அப்படியே வந்து சேர்ந்திருக்கிறது, கூடவே அலுவலகமும். 2019ஆம் ஆண்டு தேசியப் புள்ளியியல் அலுவலகம் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் அதற்குச் செலவிடுகிறார்கள். ஈடுபடும் ஆண்கள் 97 நிமிடம். ஈடுபடும் ஆண்களே நூற்றுக்கு 26 பேர்தான். இது எல்லாச் சமயத்தாரையும் சேர்த்த இந்தியக் கணக்கு. நம் வீடுகள் இதைவிட மேல் என்று சொல்ல நமக்குத் துணிவில்லை.

துணிவில்லாததற்குக் காரணம் நம் வீடுதான். நபி (ஸல்) அவர்கள் வீட்டில் என்ன செய்வார்கள் என்று அஸ்வத் (ரஹ்) கேட்டபோது, குடும்பத்தாரின் வேலைகளில் ஈடுபட்டிருப்பார்கள், தொழுகை நேரம் வந்ததும் தொழுகைக்குப் புறப்பட்டுவிடுவார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் பதில் சொன்ன செய்தியை எத்தனையோ பயான்களில் நாம் சொல்லியிருக்கிறோம். செருப்பைத் தைத்ததும், துணியைத் தைத்ததும், ஆட்டில் பால் கறந்ததும் மற்ற அறிவிப்புகளில் வருகின்றன. ஒருநாள் பயான் முடிந்து வீட்டுக்குப் போனோம். "அந்தச் செருப்பு தைக்கிற சுன்னத்து நம்ம வீட்டுக்கும் உண்டா, இல்ல மைக்குக்கு மட்டுமா?" என்று வீட்டில் கேட்டார்கள். சிரித்துக்கொண்டேதான் கேட்டார்கள். அன்றைக்கு நம் கையில் இருந்தது தேநீர்க் கோப்பை. அதைக் கழுவி வைக்கும் பழக்கம்கூட அதுவரை நமக்கு இருந்ததில்லை.

அதன் பிறகுதான் ஒன்று பிடிபட்டது. "சொன்னா செய்ய மாட்டேனா?" என்று ஆண்கள் கேட்கிறோமே, சங்கடம் அங்கேதான் இருக்கிறது. எதை, எப்போது செய்ய வேண்டும் என்று நினைவில் வைத்து, சொல்லி, செய்தோமா என்று பார்ப்பதும் ஒரு வேலை. அதை மனைவியிடமே விட்டுவிட்டுக் கையை மட்டும் கொடுத்தால் பாரம் பாதிகூட இறங்குவதில்லை.

எனவே அந்த இளைஞரிடம் ஃபத்வாவுக்குப் பதில் ஒரு தாள் கொடுத்தோம். சனிக்கிழமை இஷாவுக்குப் பிறகு, பிள்ளைகள் தூங்கியதும், இருவரும் உட்கார்ந்து வீட்டில் நடக்கும் வேலைகளை எல்லாம் எழுதுங்கள், யார் செய்கிறார்கள் என்று எழுத வேண்டாம் என்றோம். அவருக்குத் தெரிந்தவை சமையல், துணி, பாத்திரம். மனைவி எழுத ஆரம்பித்ததும் தாள் போதவில்லையாம். தடுப்பூசி தேதி, கேஸ் பதிவு, தண்ணீர் கேன், பிள்ளையின் நகம், பள்ளி டைரியில் கையெழுத்து, சின்னதாகிப் போன சீருடை, ஊருக்கு போன் செய்து இருவரின் உம்மாவிடமும் பேசுவது என்று நாற்பதைத் தாண்டிவிட்டது.

பிரிக்கும்போது துண்டு துண்டாகப் பிரிக்காமல் முழு வேலையாகப் பிரிக்கச் சொன்னோம். மூத்தவளின் டிபன் பாக்ஸ் வாப்பாவின் பொறுப்பு என்றால், நாளைக்கு என்ன கொடுப்பது என்று யோசிப்பதும், அதற்கான பொருளை வாங்குவதும், செய்து கட்டுவதும், மாலையில் டப்பாவைக் கழுவுவதும் எல்லாம் அவருடையது. முதல் வாரம் ரொட்டியும் ஜாமும்தான் போகும். போகட்டும். உம்மா குறுக்கே புகுந்து திருத்தக் கூடாது. பெண்கள் தரப்பில் நாம் பார்க்கும் குறை இது ஒன்றுதான்: ஒப்படைத்த பிறகும் மேற்பார்வையை விடுவதில்லை.

நேரத்தைப் பொறுத்தவரை, இஷாவுக்கு முன் தூங்குவதையும் இஷாவுக்குப் பின் வீண்பேச்சையும் நபி (ஸல்) அவர்கள் விரும்பவில்லை. இன்றைய வீண்பேச்சு கைபேசியில் இருக்கிறது. அதில் போகும் ஒரு மணி நேரத்தில் அரைமணி நேரத்தை மீட்டால் நாளைய காய் நறுக்கி, சீருடை எடுத்து வைத்து, அடுப்படியைத் துடைத்துவிடலாம். ஃபஜ்ர் ஜமாஅத் முடிந்து வீடு திரும்பும் ஆண் மறுபடி படுக்கைக்குப் போகாமல் இருந்தால், பிள்ளைகள் விழிக்கும் முன் முக்கால் மணி நேரம் கிடைக்கிறது. வாரத்துக்கு ஒருமுறை மாவு அரைப்பது, மீனைக் கடையிலேயே சுத்தம் செய்து வாங்குவது போன்றவை உங்களுக்கே தெரியும். குறைக்க வேண்டியதையும் குறைக்கலாம். இரண்டு சட்னி ஷரீஅத்தின் கட்டளை அல்ல.

பேணுதல் என்ற பெயரில் கூடும் வேலையும் உண்டு. குழந்தையின் அசுத்தம் பட்ட துணியை வாஷிங் மெஷினில் போடலாமா என்ற சந்தேகத்தில் எல்லாத் துணியையும் இரண்டு முறை துவைக்கும் தாய்மார்கள் இருக்கிறார்கள். அசுத்தத்தை அகற்றி, குழாய்த் தண்ணீரில் நன்றாக அலசிவிட்டால் துணி சுத்தமாகிவிட்டது. பிறகு மற்றத் துணிகளோடு போடுவதில் தடையில்லை.

சம்பளத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. மனைவியின் சம்பாத்தியம் அவளுடையது. குடும்பச் செலவு கணவனின் கடமை. இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்களின் மனைவி ஸைனப் (ரலி) அவர்கள் கணவருக்கும் தம் பொறுப்பிலிருந்த அநாதைகளுக்கும் செலவிட்டதற்கு, உறவைப் பேணிய நன்மை, தர்மத்தின் நன்மை என இரண்டு கூலி உண்டு என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னார்கள். அப்படியென்றால் அவள் தருவது உபகாரம். வீட்டுக்கடன் தவணைக்கு அவள் சம்பளத்தை எடுத்துக்கொண்டு, "பாத்திரம் கழுவுறது உன் வேலை" என்று சொல்லும் ஆணுக்கு எந்த மத்ஹபிலும் இடம் கிடைக்காது.

ஃபாத்திமா (ரலி) அவர்கள் திருகை அரைத்துக் கை காய்த்துப்போய்ப் பணியாள் கேட்டு வந்த சம்பவத்தையும் தவறாகப் பயன்படுத்துகிறோம். "தஸ்பீஹ் ஓதும்மா, களைப்பு போயிடும்" என்று பெண்ணுக்கு மட்டும் சொல்லிவிடுகிறோம். அந்த இரவு நபி (ஸல்) அவர்கள் மகளின் வீட்டுக்கே வந்து, கணவன் மனைவி இருவருக்கும் நடுவில் அமர்ந்து, 33, 33, 34 என்ற அந்த திக்ரை இருவருக்குமே கற்றுத் தந்தார்கள். அலீ (ரலி) அவர்கள் அதை வாழ்நாள் முழுவதும் விடவில்லை.

பிள்ளைகளையும் பழக்கலாம். நான்கு வயதுக்காரி விளையாட்டுச் சாமான்களைக் கூடையில் போடுவாள், மடித்த துணியைக் கொண்டுவந்து கொடுப்பாள். அனஸ் (ரலி) அவர்கள் சிறுவராக வந்து பத்து ஆண்டுகள் நபிகளாருக்குப் பணிவிடை செய்தார்கள். ஒருமுறைகூட "சீ" என்ற சொல்லையோ, ஏன் செய்தாய், ஏன் செய்யவில்லை என்ற கேள்வியையோ கேட்கவில்லை என்கிறார்கள். வேலைக்கு ஆள் வைத்திருப்பவர்களுக்கும் இதில் பாடம் உண்டு. பாத்திரம் தேய்க்க வரும் அக்காவுக்கும் வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கும். சக்திக்கு மீறிச் சுமத்தாதீர்கள், சுமத்தினால் நீங்களும் கைகொடுங்கள் என்பது நபிமொழி.

மாமியார் விஷயம்தான் கடினம். அந்த இளைஞரின் உம்மா ஊரிலிருந்து வந்தபோது மகன் டிபன் கட்டுவதைப் பார்த்து அழுதேவிட்டாராம். "இதுக்கா உன்னைப் படிக்க வெச்சேன்?" அந்த இடத்தில் மனைவி பேசினால் சண்டையாகும். மகன்தான் பேச வேண்டும். "உம்மா, இது என் வேலை, அவ சொல்லி நான் செய்யல" என்று அவர் சொல்லியிருக்கிறார். உம்மாவுக்கு முழுத் திருப்தி இல்லை என்றுதான் கேள்வி. நோன்பு வந்தால் இன்னும் சோதனை இருக்கிறது. பள்ளிவாசல் கஞ்சியை வாளியில் வாங்கி வந்ததோடு தம் பங்கு முடிந்தது என்று நினைக்கும் ஆண்கள், ஸஹர் யார் சமைக்கிறார்கள், இஃப்தாருக்கு வடை யார் சுடுகிறார்கள் என்பதை ஷஅபானிலேயே பேசி வைப்பது நல்லது.

போன வாரம் அஸருக்குப் பிறகு அதே இளைஞர் மறுபடியும் வந்தார். இந்த முறையும் ஃபத்வாதான். "ஹஸ்ரத், சின்னவனைத் தூக்கி வெச்சிருந்தேன், கைலியில சிறுநீர் கழிச்சுட்டான். ஆம்பளப் பிள்ளைன்னா தண்ணி தெளிச்சாப் போதும்னு சொல்றாங்களே, அப்படியே தொழலாமா?"

"அது பால் மட்டும் குடிக்கிற, ரெண்டு வயசுக்கு உட்பட்ட பிள்ளைக்கு. உங்க மகன் சோறு சாப்பிடறானா?"

"நான்தானே ஊட்டறேன் ஹஸ்ரத், நல்லாவே சாப்பிடுறான்."

"அப்ப கழுவித்தான் தொழணும்" என்றோம்.