வரைபடத்தில் இல்லாத வாய்க்கால்

குண்டசாலையை வளைத்தோடும் மகாவலி கங்கை, அதற்குக் கீழே 1985 இல் திறந்துவைக்கப்பட்ட 122 மீற்றர் உயர விக்டோரியா அணைக்கட்டில் தேங்கி, சுரங்கவழியே சென்று மின்னை ஆக்கியபின், ரந்தெனிகலை, ரந்தம்பை ஆகிய நீர்த்தேக்கங்களைக் கடந்து மினிப்பேயில் வயல்களுக்குப் பிரிகிறது. அணை, மதகு, வாய்க்கால், நீர் திறக்கும் நாளைக் குறிக்கும் அலுவலகம் என ஒன்றையொன்று சார்ந்து இயங்கும் பல உறுப்புகளின் தொகுதியே சிக்கலான தொழில்நுட்ப அமைப்பு எனப்படுகிறது. அதன் கடைசி முனையில் மண்வெட்டியோடு நிற்கும் விவசாயியே அதன் பயனர்.

பயனரையும் சேர்த்துக்கொண்டே வடிவமைக்க வேண்டும் என்னும் கொள்கைக்குக் கணினித் துறையில் வழிகாட்டியது, 1970களின் தொடக்கத்தில் நோர்வேயின் இரும்பு, உலோகத் தொழிலாளர் சங்கத்தோடு கணினி அறிவியலாளர் கிறிஸ்டன் நைகார்ட் ஆற்றிய பணியாகும். இலங்கையில் அக்கொள்கை வயற்கரையிலேயே சோதிக்கப்பட்டது.

கல்லோயா நீர்ப்பாசனத் திட்டத்தின் இடதுகரை வாய்க்கால்கள் தூர்ந்து, மதகுகள் உடைந்து கிடந்த நிலையில், கமநல ஆராய்ச்சி பயிற்சி நிறுவகமும் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகமும் 1981 இல் இளம் பட்டதாரிகளை அமைப்பாளர்களாக அனுப்பி, விவசாயிகளின் ஊர்களிலேயே தங்கச் செய்தன. எந்த மடையை மணல் அடைக்கும், எந்தக் கரையை எருமை மிதித்து உடைக்கும் என்பதை எந்த வரைபடமும் காட்டாது. ஆண்டுதோறும் அங்கே நீர் பாய்ச்சியவருக்கே அது தெரியும். வாய்க்கால் தோறும் விவசாயிகள் ஒருமனதாகத் தெரிவுசெய்த பிரதிநிதிகள் சம்பளமின்றி உழைத்தனர். ஆண்டுக்கணக்கில் துப்புரவு செய்யப்படாத வாய்க்கால்கள் சிரமதானத்தால் திறந்தன. புனரமைப்புத் திட்டத்தைப் பொறியியலாளர்கள் விவசாயிகளோடு பேசித் திருத்தினர். திட்டத்தின் குளத்தில் நீர் மிகக் குறைந்திருந்த அவ்வாண்டுச் சிறுபோகத்தில், மேல்மடைச் சிங்கள விவசாயிகள் முறைவைத்துப் பாய்ச்சி மிச்சப்படுத்திய நீர் கடைமடைத் தமிழ் விவசாயிகளின் வயலுக்கும் சென்றது என்பது, இந்நாட்டு வரலாற்றில் மறக்கக்கூடாத செய்தி. அப்பணியில் ஈடுபட்ட நோர்மன் அப்ஹோஃப் இவற்றை 1992 இல் நூலாகவும் எழுதினார்.

விவசாயிகளின் பங்கேற்போடு நீர்ப்பாசனத்தை நிர்வகிப்பதை 1988 இல் அரசும் தன் கொள்கையாக ஏற்றது. அதே வழியில், கண்டிச் சீமையின் மரக்கறிச் செய்கையாளருக்கெனக் கைப்பேசிச் செயலி செய்ய இன்று முனைவோரும், திரையை வரையுமுன் ஒரு போகமாவது அவர்களின் தோட்டத்தில் இருந்து, சிங்களத்திலும் தமிழிலும் அவர்கள் சொல்வதைக் கேட்க வேண்டும்.